கோட்டையூர் வீட்டில் ஒரு லட்சம் ஏடுகள்

கடல் கடந்த அச்சு: அத்தியாயம் 11

சென்ற வாரம் பினியாஸ் ஹண்டோடு நிறுத்தியிருந்தோம். மதராஸில் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தை நடத்தியவர் அவர். மைரன் வின்ஸ்லோவின் தமிழ் – ஆங்கில அகராதியை, 67,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு, 1862-ல் அச்சிட்டு முடித்தவர். அச்சகம் கைமாறிய பிறகு பெய்ஜிங்குக்குப் போனார். அங்கேயும் அச்சு வேலைதான். 1878-ல் அந்த ஊரிலேயே இறந்தார். வின்ஸ்லோ அதற்கு முன்பே போய்விட்டார். அகராதி வெளிவந்த இரண்டாம் ஆண்டில், ஊர் திரும்பும் பயணத்தின் நடுவே, நன்னம்பிக்கை முனையில் அவர் உயிர் பிரிந்தது. யாழ்ப்பாணத்தில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய டாக்டர் சாமுவேல் கிரீன் 1884-ல் மாசசூசெட்ஸில் கண்மூடினார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறது.

ஆட்கள் போய்விட்டார்கள். அவர்கள் அச்சிட்டுக் கொடுத்த தாள்கள் எங்கே போயின? இந்தக் கேள்வியோடுதான் சென்ற வாரம் உங்களிடம் விடைபெற்றேன்.

இவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டு 1810-ல் தொடங்கியது. தலைமையகம் பாஸ்டன். 1816-ல் யாழ்ப்பாணம், 1834-ல் மதுரை என்று கிளை பரப்பியது. அங்கிருந்து ஊழியர்கள் எழுதிய கடிதங்கள் இன்று ஹார்வர்டின் ஹவ்டன் நூலகத்தில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவை ஆராய்கிறவர் அங்கே உட்கார்ந்து, மதுரை ஜில்லாவில் காலரா வந்த வருஷத்தையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பையன்கள் சேர்ந்த கணக்கையும் படித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடிதங்கள் யாருக்காக எழுதப்பட்டவை? நன்கொடை கொடுத்தவர்களுக்கும் மேலிடத்துக்கும். எழுதுகிறவர் தம் வேலை வீணாகவில்லை என்று காட்டியாக வேண்டும். எதிரே நின்ற தமிழ் வாசகர் என்ன நினைத்தார் என்பதை அந்தக் கட்டுகளிலிருந்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. அது தமிழில் அச்சான சிறு பிரசுரங்களிலும், பள்ளிப் பாடங்களிலும், பஞ்சாங்கங்களிலும், ஆறுமுக நாவலர் 1854-ல் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகாரம்’ போன்ற மறுப்பு நூல்களிலும் இருக்கிறது.

அமெரிக்க வரலாற்றில் ஒரு பகுதி தமிழில் அச்சாகிக் கிடக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தத் தொடரை எழுதத் துணிந்ததே அதனால்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன். 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் பையன்களின் படிப்புச் செலவை அமெரிக்க நன்கொடையாளர்கள் ஏற்றார்கள். நன்கொடையாளர் விரும்பிய பெயரையே பையனுக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. அங்கே படித்த கரோல் விசுவநாத பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் ஆனார்கள். அந்தத் தாமோதரம் பிள்ளைதான் பிறகு தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-ல் கலித்தொகையையும் பதிப்பித்தவர். சங்க நூலை அச்சில் ஏற்றிய கைக்கு எழுத்துப் பழக்கிய பள்ளியில் அமெரிக்க டாலர் இருந்தது. இதை பாஸ்டன் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் மதம் மாற்றப் போய்க் கைகூடாமற்போன கதை. தமிழ்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஓர் இலக்கியத்தின் மறுபிறப்பில் ஒரு கண்ணி.

இரண்டு பக்கமும் ஒரே மேசைக்கு வர வேண்டும். அதற்குத் தமிழ் ஏடுகள் எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும்.

*

1954-ஐப் பார்ப்போம். அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர் அப்போது ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். இந்தியாவில் அவருக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. அவருடைய வம்சத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் நமக்குத் தெரிந்த வீட்டில் போய் நிற்போம். டல்லஸின் பாட்டனார் மதராஸில் மிஷனரியாக இருந்தவர். அவர் மணந்தது வின்ஸ்லோவின் மகளை. ஆக, அகராதி தந்த வின்ஸ்லோவின் கொள்ளுப்பேரன்தான் டல்லஸ். உடுவிலில் பெண்கள் பள்ளி தொடங்கி, 1833-ல் அந்த மண்ணிலேயே இறந்த ஹாரியட் வின்ஸ்லோ அவருக்குக் கொள்ளுப்பாட்டி.

அந்த 1954-ல்தான் பி.எல். 480 என்ற சட்டம் வந்தது. ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமை வாங்கிய தலைமுறைக்கு அந்த எண் மறந்திருக்காது. கோதுமைக்கு இந்தியா டாலராகக் கொடுக்க வேண்டியதில்லை, ரூபாயாகக் கொடுத்தால் போதும். அந்த ரூபாய் இந்தியாவிலேயே தங்கியது. அதை எப்படிச் செலவழிப்பது? செலவான வழிகளில் ஒன்று புத்தகம். 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் டெல்லியில் அலுவலகம் போட்டு, இந்திய மொழிகளில் வெளிவரும் புத்தகங்களை அந்தக் கோதுமைப் பணத்தில் வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. சிகாகோவுக்கும் தமிழ்ப் புத்தகக் கட்டுகள் போய்ச் சேர்ந்தன. ரஷ்யா 1957-ல் ஸ்புட்னிக்கை ஏவியதில் பதறிப்போன அமெரிக்கா, மறு ஆண்டே சட்டம் போட்டு அயல்மொழிக் கல்விக்கும் பணம் ஒதுக்கியிருந்தது. அந்தப் பணத்தில் தமிழும் பயன் பெற்றது.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. கோதுமைப் பணத்தில் அப்போது வெளிவந்துகொண்டிருந்த புத்தகத்தைத்தான் வாங்க முடியும். 1850-ல் அச்சான சிறு பிரசுரம் எந்தப் பதிப்பாளர் பட்டியலில் இருக்கும்? லண்டனில் ஓரளவு உண்டு. 1867-ன் அச்சுப் பதிவுச் சட்டத்தால் அங்கே சேர்ந்தவை பல. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த பிரிட்டிஷ் மியூசியத் தமிழ்ப் புத்தகப் பட்டியல் 1909-ல் வெளிவந்தது. ஆனால் நாடக நோட்டீஸையும், திருவிழாக் கடையில் விற்ற பாட்டுப் புத்தகத்தையும், கல்யாணப் பத்திரிகையையும் எந்தச் சட்டமும் லண்டனுக்கு அனுப்பச் சொல்லவில்லை.

1962-ல் இன்னொன்றும் நடந்தது. மைசூரில் பிறந்து தமிழும் கன்னடமும் வீட்டு மொழிகளாக வளர்ந்த ஏ. கே. ராமானுஜன் அந்த ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஒரு சனிக்கிழமை ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். பட்டியலில் ஏற்றப்படாத புத்தகக் குவியலில் அவர் கைக்கு அகப்பட்டது குறுந்தொகை. உ. வே. சாமிநாதையரின் 1937 பதிப்பு. அந்த ஒரு புத்தகம் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. 1967-ல் வந்த அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் உலகத்தின் பெரும்பகுதி சங்கக் கவிதையை முதன்முதலில் வாசித்தது. பட்டியலில் இல்லாத ஒரு புத்தகத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பது அவருக்குச் சொந்த அனுபவமாகத் தெரியும். முப்பது ஆண்டு கழித்து இந்த விஷயம் நமக்குத் தேவைப்படும்.

அவர் அந்தக் குறுந்தொகையைக் கண்டெடுத்த அதே காலத்தில், காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒருவர் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார். பல்கலைக்கழகமோ பட்டமோ அவருக்குப் பின்னால் இல்லை. அவர் தொழில் விளம்பரப் பலகை எழுதுவது.

*

கோட்டையூர் என்றதும் காரைக்குடிக்காரர்களுக்கு அழகப்பர் நினைவு வரும். 1909-ல் அங்கே பிறந்து, 1947-ல் கல்லூரி தொடங்கி, மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். செட்டிநாட்டில் படிப்புக்குப் பொருள் கொடுத்தவர்களின் வரிசை நீளமானது. அதே ஊரிலிருந்து வந்த ரோஜா முத்தையாவிடம் கொடுக்கப் பொருள் இல்லை. அவரிடம் கண்ணும் பொறுமையும் இருந்தன.

1950 வாக்கில் அவர் சேகரிக்கத் தொடங்கினார். அப்போது செட்டிநாடு எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் அந்த வேலையின் அளவு புரியும். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போன செட்டியார் தலைமுறையின் செல்வம் அதற்குள் பெரும்பாலும் கரைந்துவிட்டது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், அடமான நிலங்களே கைக்கு வந்து சேர்ந்ததில் 1938-ல் அது 25 சதவீதமானது. அவர்கள் கேட்டது ரொக்கம், கிடைத்தது வயல். 1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். 1948-க்குப் பிறகு பர்மிய அரசு நிலங்களைத் தேசியமயமாக்கத் தொடங்கியது. ரங்கூனில் அவர்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது.

முகப்பும் வளவும் இரண்டாம் கட்டும் கொண்ட வீடுகள் நின்ற இடத்தில் நின்றன. அவற்றைப் பராமரிக்கப் பணம் வேண்டும். பங்காளிகள் பல ஊர்களுக்குச் சிதறினார்கள். தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தப் பொருள்களுக்காவது விலை கிடைத்தது. இரட்டைப் பூட்டுப் பெட்டிக்குள் இருந்த பழைய காகிதத்துக்கு எடை போட்டுத்தான் காசு. கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானச் சீட்டும், மொய்ப்பண ஏடும், ஐயா வாங்கி வைத்த திருவாசகமும், அப்பத்தா படித்த பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையும் ஒரே தராசில் ஏறின.

செட்டிநாட்டு வீடுகளில் புத்தகம் நிறைய இருந்ததற்கும் காரணம் உண்டு. நகரத்தார் என்ற இந்தச் செட்டியார்கள் கோயிலுக்குக் கொடுத்தது போலவே அச்சுக்கும் கொடுத்தார்கள். மேலைச்சிவபுரியில் 1909-ல் சன்மார்க்க சபை, காரைக்குடியில் 1917-ல் இந்து மதாபிமான சங்கம் என்று சபைகள் எழுந்தன. இந்தச் சங்கத்துக்கு 1919-ல் பாரதியே வந்து போனார். 1920-ல் ராய. சொக்கலிங்கம் ‘தனவைசிய ஊழியன்’ இதழைத் தொடங்கினார். பின்னால் ‘ஊழியன்’ என்ற பெயரில் நாடறிந்த பத்திரிகை அது. வாங்கியும் படித்தும் பாதுகாத்தும் வைத்த ஒரு சமூகத்தின் புத்தகங்கள் ஒரே சமயத்தில் வெளியே வரும்போது, அவற்றின் மதிப்பு தெரிந்த ஒருவர் அருகில் இருந்தது தமிழின் அதிர்ஷ்டம் என்பேன்.

ரோஜா முத்தையா புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இதழ்கள், பத்திரிகைத் துணுக்குகள், கடிதங்கள், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். இவற்றில் பலவற்றை அன்றைய நூலகங்கள் வாசலுக்குள் விட்டிருக்காது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் என்ன வரலாறு என்று கேட்பீர்கள். யார் பெயருக்கு முன்னால் எந்தப் பட்டம் போட்டார்கள், மணமகளின் பெயர் எந்த ஆண்டிலிருந்து அச்சில் வருகிறது, ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருப்பதை எப்படிக் குறிப்பிட்டார்கள், எந்த அச்சகம் எந்த ஊரில் இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நூறு அழைப்பிதழ்களை வரிசையாக வைத்தால் ஒரு சமூகம் தன்னை எப்படி மாற்றிக்கொண்டது என்பதைத் தேதியோடு சொல்லிவிடலாம். பலகையில் எழுத்து எழுதியவருக்கு அச்செழுத்தின் அழகும் பட்டிருக்கும். அதனால்தான் மற்றவர்கள் குப்பை என்று தள்ளிய நோட்டீஸைக் கூட அவரால் விட முடியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நாற்பது ஆண்டுகளில் அந்த வீட்டில் சேர்ந்தவை சுமார் ஒரு லட்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சு நூல்களும் அவற்றில் அடக்கம்.

இனி எதிரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இராமபாணப் பூச்சி தாளைத் துளைத்துக்கொண்டு ஒரு அட்டையிலிருந்து மறு அட்டை வரை போகும். கரையான் ஒரு மழைக்காலத்தில் ஓர் அலமாரியையே தின்றுவிடும். இவை கண்ணுக்குத் தெரிகிற எதிரிகள், விரட்டலாம். தெரியாத எதிரி தாளுக்குள்ளேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கந்தல் துணியைக் கூழாக்கிக் காகிதம் செய்தார்கள். நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ் வந்தது. மரக்கூழ்த் தாளில் அமிலம் உண்டு. ஆண்டுகள் போகப் போகத் தாள் பழுப்பாகி, மடித்தால் அப்பளமாக நொறுங்கும். அதனால் 1840-ல் அச்சான மிஷன் பிரசுரம் இன்னும் விரலுக்கு வளைந்துகொடுக்கலாம். 1920-ல் அச்சான நாவல் தொட்டாலே உதிரலாம். ரோஜா முத்தையா நாற்பது ஆண்டு போராடியது பூச்சியோடு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

அந்த வீட்டைத் தேடி ஆய்வாளர்கள் வரத் தொடங்கினார்கள். வெளிநாட்டினரும் வந்தார்கள். 1970-களும் 80-களும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தென்தமிழ்நாட்டின் மேல் கவனம் குவிந்த காலம். நிக்கலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையைப் பற்றி 1987-ல் நூல் வெளியிட்டார். டேவிட் ரட்னர் நகரத்தாரின் வணிகத்தைப் பற்றி 1994-லும், பமிலா பிரைஸ் இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களைப் பற்றி 1996-லும் நூல் கொண்டுவந்தார்கள். முன்பு பாஸ்டன்காரர்கள் நமக்குப் பாடம் சொல்ல வந்தார்கள். இப்போது அவர்கள் நாட்டு மாணவர்கள் நம்மூரைப் படிக்க வந்தார்கள். எழுத்தாளர் அம்பை, ஆய்வுலகில் சி. எஸ். லக்ஷ்மி, தமிழில் பெண்கள் எழுதியதைத் தேடியபோது கோட்டையூர்ச் சேகரிப்பின் அருமையை நேரில் அறிந்தவர். பெண்கள் நடத்திய இதழ்கள் பெரிய நூலகங்களில் முழுத்தொகுதியாகக் கிடைப்பது அபூர்வம். பழைய வீட்டுப் பெட்டிகளில் அவை தங்கியிருந்தன.

ஒரு பல்கலைக்கழகத் துறை செய்ய வேண்டியதை ஒரு தனிமனிதர் தம் வீட்டில் செய்தார். அவரை நான் சேகரிப்பாளர் என்று மட்டும் சொல்லமாட்டேன். எதைப் பாதுகாத்தால் நாளைக்கு எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று முன்கூட்டி யோசிப்பது ஆய்வில் பாதி. அந்தப் பாதியை அவர் முடித்து வைத்திருந்தார்.

*

1992-ல் ரோஜா முத்தையா இறந்தார்.

இனிதான் சிக்கல். தனிமனிதர் சேர்த்தது தனிமனிதரோடு முடியும் ஆபத்து எப்போதும் உண்டு. எது எங்கே இருக்கிறது என்ற ஞாபகம் அவருடையது. எந்தக் கட்டைப் பிரித்துக் காயவைக்க வேண்டும், எந்தப் பெட்டியை மழைக்கு முன் நகர்த்த வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் கரையான் போதும். பிரித்து விற்றால் அரிய புத்தகங்கள் ஆளுக்கொன்றாகப் போய்விடும், நோட்டீஸும் அழைப்பிதழும் மறுபடி எடைக்குப் போகும். ஒரு லட்சம் ஏடுகளை ஒன்றாக வைத்திருந்தால்தான் அது நூலகம். அதை மொத்தமாக வாங்கி, மொத்தமாகக் காப்பாற்ற யாருக்கு வசதி உண்டு?

செய்தி கடல் தாண்டியது. அம்பையும் ராமானுஜனும் இந்தச் சேகரிப்பைப் பற்றிச் சொல்லித்தான் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு அதன் அருமை தெரிந்தது. அடித்தளத்துக் குவியலில் குறுந்தொகையைக் கண்டெடுத்தவரிடம் ஒரு லட்சம் தமிழ் ஏடுகள் அநாதையாக நிற்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிகாகோ நூலகத்தில் தெற்காசியப் பிரிவைக் கவனித்தவர் ஜேம்ஸ் நை. இப்படிப்பட்ட சேகரிப்புகளைக் கவனிப்பதுதான் அவருடைய வேலையே. சிகாகோவில் ஆர்வம் இருந்தது, சொல்லுக்கு மதிப்புள்ள ஒரு பேராசிரியர் அருகில் இருந்தார்.

1993 ஜூலை 13. சிகாகோ மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குப் போன ராமானுஜன் பிழைத்து வரவில்லை. அவருக்கு வயது 64.

கோட்டையூரில் ஏடுகள் வைத்த இடத்தில் இருந்தன. சேர்த்தவர் இல்லை. அவற்றுக்காகப் பேசிய இருவரில் ஒருவர் இப்போது இல்லை. ஐப்பசி மழைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. ஜேம்ஸ் நை முன்னால் இரண்டு கேள்விகள் நின்றன. பல்கலைக்கழகம் பணம் போடுமா என்பது முதலாவது. பணம் போட்டால், 19-ம் நூற்றாண்டில் வின்ஸ்லோவும் ஹண்டும் வந்த கடல்வழியே இந்த ஏடுகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோவதா என்பது இரண்டாவது. அந்த இரண்டாம் கேள்விக்கு ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் சொன்ன விடை யாரும் எதிர்பார்க்காதது.

(தொடரும்)